ஆண்டியப்பன் கொண்டுவராத பெட்டி

டிக்கோயா
18.02.2025

ஆண்டியப்பன் அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து இன்று காலை வரை உங்களுக்குப் பதினாறு தடவை போன் எடுத்துவிட்டேன். மணிகூட அடிக்கவில்லை. அதனால்தான் கடிதம். ஏழு வருடமாக நீங்கள் எனக்குச் சாமான் அனுப்பும் அதே பஸ்ஸில், அதே கண்டக்டர் செல்லசாமியின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

இந்த மாதம் மூன்றாம் திகதி நீங்களாகத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். "டீச்சர், ஒரு பழைய பங்களா கராஜ ஒதுக்குனாங்க. அதுல ஒங்களுக்குன்னே ஒரு பெட்டி இருக்கு, கை படாத பெட்டி" என்றீர்கள். படமும் அனுப்பினீர்கள். பச்சை மரப்பெட்டி, உள்ளே நட்டில் மாட்டுகிற பத்தொன்பது சொக்கெட், அவற்றைத் திருக ஒரு ரெச்செட் கைப்பிடியும் ஒரு டி வடிவக் கம்பியும், எல்லாம் எண்ணெய்க் காகிதம் பிரியாமல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியில் பர்மிங்ஹாம் என்றும் 1951 என்றும் குத்தியிருந்தது. அளவு முழுவதும் விட்வொர்த், வெள்ளைக்காரன் காலத்து மிஷின்களுக்கு உரிய அளவு. அந்த அளவில் உதிரியாகப் பத்துப் பன்னிரண்டு சொக்கெட் சேர்த்திருக்கிறேன். முழுப் பெட்டி ஒன்றை இதுவரை கண்ணால் கண்டதில்லை. இது உங்களுக்கும் தெரியும்.

"பஸ்ல போட மாட்டேன், நானே லொறியில கொண்டாந்து தாரேன்" என்று நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து மேசையைத் துடைத்து வைத்தேன். நீங்கள் வரவில்லை. சனிக்கிழமை கினிகத்தேனைக்கே வந்தேன். உங்கள் பழைய இரும்புக் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டயர் கடைக்காரர், "அந்தப் பச்சைப் பெட்டியா? அத வேற தோட்டத்துக்காரங்க வச்சிக்கிட்டாங்களாமே" என்றார்.

அது உண்மையா? இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

ஜெனிதா


கினிகத்தேனை
22.02.2025

டீச்சருக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. டயர் கடைக்காரர் சொன்னது உண்மைதான். பெட்டி இப்போது ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் இருக்கிறது. திரும்பி வந்தாலும் நீங்கள் படத்தில் பார்த்தது போல் வராது. தவறு என்னுடையது. என் போன் உடைந்துவிட்டது.

இத்துடன் ஒரு சின்ன ரெச்செட் அனுப்புகிறேன். அமெரிக்கச் சாமான், பித்தளைப் பிடி. விலை வேண்டாம்.

மன்னிக்கவும்.

ஆண்டியப்பன்


டிக்கோயா
25.02.2025

ஆண்டியப்பன் அண்ணனுக்கு,

ரெச்செட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல சாமான். அதனால்தான் உடனே அனுப்பினேன். இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அனுப்ப மனம் வராது.

ஓடும் பஸ்ஸில் வைத்துக் கிறுக்கியது போல ஒரு கடிதம். எந்தத் தோட்டம், ஏன் கொடுத்தீர்கள், ஒரு விவரமும் இல்லை. என்னைவிடக் கூடுதலாகக் காசு தருகிறவர் கிடைத்திருப்பார். வியாபாரத்தில் அது நடக்கும். அப்படி எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உங்கள் கடைக்கு நான் முதல்முதல் வந்தது பள்ளிக்கூடத்துக் கதவுக்குக் கீல் வாங்க. குவியலுக்குள் ஒரு ரெச்செட் கிடந்தது. அது என்னவென்றே அப்போது தெரியாது. எடுத்துத் திருப்பினேன். ஒரு பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் கிளிக் கிளிக் என்று வழுக்கிப் போகிறது. சும்மா எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு இருபத்துநான்கு. அப்படியென்றால் ஒரு கிளிக்குக்குப் பதினைந்து பாகை. இதை எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து கணக்குப் போட்டு, உள்ளே பல் வெட்டி, எழுபது வருடத்துக்குப் பிறகும் ஒரு பல்கூடத் தப்பாமல் வைத்திருக்கிறானே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏழாம் வகுப்புக்குக் கோணம் சொல்லிக் கொடுக்க வாங்கிப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். எனக்காகத்தான் வாங்கினேன்.

இன்று என் சுவரில் நாற்பத்தொரு ரெச்செட் இருக்கிறது. என் அண்ணன் ஜூலியன் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இவளுக்கு இரும்புப் பைத்தியம்" என்கிறான். ஸ்டாஃப் ரூமில் சிரிக்கிறார்கள். சிரிக்காத ஆள் நீங்கள் ஒருவர்தான். பழைய மிஷின் அளவுகளை மில்லிமீட்டரோடு பக்கத்தில் எழுதி ஒரு தாள் கேட்டீர்கள். எழுதித் தந்தேன். அதை லொறியின் வெயில் மறைப்பில் ஒட்டியும் வைத்தீர்கள். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

போன் சரியானாலும் கூப்பிட வேண்டாம்.

ஜெனிதா


கினிகத்தேனை
03.03.2025

டீச்சருக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை என் மனைவி நாகலெட்சுமி எழுதுகிறாள். சென்ற கடிதத்தை நான் இடது கையால் எழுதினேன். ஓடும் பஸ்ஸில் கிறுக்கியது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலது கையில் கட்டு. அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும் என்று விட்டிருந்தேன். காசுக்காகக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைச் சாக்கில் சுற்றி முன் சீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மணிக்கே புறப்பட்டேன். போகிற வழியில் காத்தாடித் தோட்டத்து ஃபெக்டரியில் பழைய தகரம் ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே போனால் ஒரு மிஷினும் ஓடவில்லை. தேயிலைக் கொழுந்து வந்து குவிந்திருக்கிறது, ஆனால் ஃபெக்டரியில் சத்தம் இல்லை.

கொழுந்தை உருட்டும் ரோலரில் ஒரு பெண்ணின் கை சிக்கியிருந்தது. வீரம்மா என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். மேலே சுற்றுகிற பெரிய உருளைக்கும் கீழே இருக்கிற பித்தளை மேசைக்கும் நடுவில் முழங்கைக்குக் கிட்ட வரைக்கும் போய்விட்டது. மிஷினைப் பின்னால் சுற்றினால் கை இன்னும் உள்ளே போகும். உருளையைத் தாங்குகிற காலில் நாலு நட். அந்த நாலையும் கழற்றினால்தான் மேலே தூக்கலாம்.

மாயாண்டி அங்கே ஃபிட்டர். நல்ல வேலைக்காரர். ஆனால் அவர் கையில் இருந்தது இருபத்தேழு மில்லிமீட்டர் ஸ்பேனரும் முப்பதும். இருபத்தேழு நுழையவில்லை. முப்பது சுழன்று சுழன்று நட்டின் மூலையைத் தின்றது. அந்தப் பெண் கத்தவில்லை டீச்சர். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. யாரோ வாயில் தண்ணீர் விட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் முன்னால்தான் சிரிக்கவில்லை. இரும்புக் கடைக்காரனுக்கு எதற்குத் தசம் என்று உங்கள் தாளைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். லொறியில் உட்கார்ந்தால் அதுதானே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இருபத்தேழுக்கும் முப்பதுக்கும் நடுவில் நீங்கள் சிவப்பு மையில் எழுதிய வரி எனக்கு மனப்பாடம். எட்டில் ஐந்து விட்வொர்த், இருபத்தேழு தசம் ஒன்பது நாலு. அந்த நட்டைப் பார்த்ததும் அந்த வரிதான் முன்னால் வந்தது.

ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தேன். எண்ணெய்க் காகிதத்தை நான்தான் கிழித்தேன். முதலில் பிரிக்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்று அதுவரை நான் ஒரு மூலையைக்கூடத் தொடவில்லை.

சொக்கெட் நட்டின் மேல் உட்கார்ந்தது. மயிரிழை ஆட்டம் இல்லை. மாயாண்டி என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் அதற்கு முன்னால் பேச்சுப் பழக்கமே கிடையாது.

சுவருக்கும் மிஷினுக்கும் நடுவில் கைப்பிடி ஆட இடமே இல்லை. வேறு எந்த ஸ்பேனரும் அதில் வேலை செய்யாது. உங்கள் ரெச்செட் ஒரு கிளிக், திரும்ப வந்து இன்னொரு கிளிக், அவ்வளவுதான் ஆடும். அப்படியே போய்க்கொண்டிருந்தோம். மாயாண்டி கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். மூன்று நட் கழன்றது. ஓரத்தில் இருந்த நாலாவதற்கு ஆட இடம் இருந்தது, ஆனால் அது அசையவே இல்லை. கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி, நான் கீழே படுத்து முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தேன். நட் அசைந்ததும் ரெச்செட்டுக்குள் பல் உடைந்ததும் ஒரே நேரம். என் கை போய்ச் சுவரில் அடித்தது. போன் சட்டைப் பையிலிருந்து மிஷினுக்கு அடியில் விழுந்தது. அசைந்த நட்டை மாயாண்டி பெட்டியில் இருந்த டி கம்பியைப் போட்டுக் கழற்றிவிட்டார். கடப்பாரை வைத்து எட்டுப் பேர் உருளையைத் தூக்கினார்கள். கை வந்துவிட்டது.

எலும்பு முறிவு. ஆனால் கை இருக்கிறது.

ரோலரைத் திரும்பப் பூட்டும்வரை பெட்டி வேண்டும் என்று மாயாண்டி கேட்டார். மறுக்க முடியவில்லை. எழுபது வருடம் யாரும் தொடாத சாமானை உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, உடைத்தும் விட்டேன். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எனக்குச் சின்னக் காயம்தான்.

ஆண்டியப்பன்

டீச்சர், இது நாகலெட்சுமி எழுதுவது. அவர் சாப்பிடப் போயிருக்கிறார். சின்னக் காயம் இல்லை, இரண்டு விரல் முறிந்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். நீங்கள் எங்கள் பூட்டிய கடைக்கு முன்னால் நின்ற சனிக்கிழமை, அவர் உங்கள் டிக்கோயாவில் வார்டில் படுத்திருந்தார். நான் போனபோது உடைந்த ரெச்செட்டை நல்ல கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார். விரலைப் பற்றி டாக்டர் கேட்கிறார், இவர் என்னைப் பார்த்து, "டீச்சருக்கு என்னா பதில் சொல்றது?" என்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நடந்து போகலாம் என்றார். போய்ச் சொல்லவா என்று கேட்டதற்கு விடவில்லை. மாயாண்டி மறுநாள் பார்க்க வந்தபோது, பெட்டியோடு சேரட்டும் என்று அந்த ரெச்செட்டையும் அவரிடமே கொடுத்தனுப்பினார்.


டிக்கோயா
17.03.2025

அண்ணனுக்கும் நாகலெட்சுமி அக்காவுக்கும்,

உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். என் பழைய கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள் என்று கேட்க நினைத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று தோன்றியது. நான் எழுதியதுதானே.

சனிக்கிழமை காத்தாடித் தோட்டத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், வீரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததில் பாதி, பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பது.

வீரம்மா தொழிலாளர் லயத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் மாவுக்கட்டு. நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு, ஒரு கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் உதவப் போனேன், விடவில்லை. விபத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நான் கண்ணத் தொறக்கவே இல்ல டீச்சர். தொறந்தா கையப் பாக்கணும். அந்தச் சத்தம் மட்டுந்தான் எனக்குக் கேட்டுச்சு. கிளிக்கு, கிளிக்குன்னு. அது நின்னுச்சுன்னா கைய வெட்டப் போறாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். அந்த அண்ணன் நிறுத்தவே இல்ல."

தேத்தண்ணியைக் குடித்தேன்.

பிறகு ஃபெக்டரிக்குப் போனேன். மாயாண்டி ரோலரைக் காட்டினார். அந்த இடைவெளியில் என் கையை விட்டுப் பார்த்தேன். கைப்பிடி ஒரு பல்லுக்கு மேல் ஆட வழியே இல்லை. துரு ஏறியதால் நட் ஒவ்வொன்றும் கடைசிப் புரி வரைக்கும் இறுக்கமாகவே வந்தது என்றார். ஒரு நட்டுக்கு ஏழு சுற்று, ஒரு சுற்றுக்கு இருபத்துநான்கு பல். மூன்று நட்டுக்கு ஐந்நூற்று நான்கு தடவை. இந்தக் கணக்கை அங்கேயே நின்று போட்டேன் அண்ணன். இத்தனை வருடமாக எத்தனையோ கோணக் கணக்குப் போட்டிருக்கிறேன், எதற்கும் கண் கலங்கியதில்லை.

பெட்டியைத் திறந்து காட்டினார். மூடியில் எண்ணெய் விரல் தடம். எட்டில் ஐந்து சொக்கெட்டின் வாயோரத்தில் ஒரு கீறல். முதலில் மூடியை மூடிவிடத்தான் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பத்தொன்பதும் அதனதன் குழியில் இருந்தன. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்திருக்கிறார். பழைய துணியில் ஒரு மேலுறையும் தைத்துப் போட்டிருக்கிறார். "பூட்டி முடிச்சாச்சு டீச்சர், இது ஒங்க பெட்டி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். அவரே தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றுவதாகவும் சொன்னார்.

ஏழு வருடம் காத்திருந்த சாமான். எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்தேன். அந்தக் கூடத்தில் இன்னும் நான்கு ரோலர் நிற்கிறது. எல்லாம் அதே காலத்து மிஷின், எல்லாவற்றிலும் அதே நட். திரும்பிப் போய் அவருடைய மேசையில் வைத்துவிட்டேன்.

தானமாகக் கொடுக்கவில்லை. பெட்டி என்னுடையதுதான். ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் வந்து பார்ப்பேன், ஒரு சொக்கெட் குறைந்தாலும் சண்டை போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். மூடியின் உட்பக்கம் அளவுத் தாளைப் புதிதாக எழுதி ஒட்டினேன். உடைந்த ரெச்செட்டுக்குப் பதிலாக என் சுவரில் இருப்பதிலேயே பலமான ஒன்றை அடுத்த சனிக்கிழமை கொண்டு போய்க் கொடுப்பேன். உடைந்ததை நான் எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்தேன். பல்லைத் தடுத்து நிறுத்தும் சின்ன நாக்குத்தான் துண்டாகியிருக்கிறது. சக்கரத்தின் பல் இரண்டு போயிருக்கிறது, மற்ற இருபத்திரண்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. குழாய் செருகி ஒரு மனிதன் முழுப் பாரத்தோடு தொங்கும்வரை தாங்கியிருக்கிறது. செய்தவனை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. உங்களை நினைத்தாலும் அப்படித்தான். ஆனால் நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

சித்திரைப் புத்தாண்டு லீவில் அக்காவோடு வீட்டுக்கு வாருங்கள். என் சுவரில் இருப்பதில் பாதிக்கு மேல் உங்கள் கடையிலிருந்து வந்தது. நீங்கள் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. வீரம்மாவையும் கூட்டி வாருங்கள்.

ஜெனிதா


கினிகத்தேனை
24.04.2025

டீச்சருக்கு,

என் சொந்தக் கையால் எழுதுகிறேன். விரல் இரண்டும் கூடிவிட்டது. பேனா பிடித்தால் கொஞ்சம் குத்துகிறது, அவ்வளவுதான். இனி போனிலேயே பேசலாம், புதுப் போனும் வாங்கிவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதை எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வருகிறது என்று நாகலெட்சுமி சொல்கிறாள்.

போன சனிக்கிழமை உங்கள் வீட்டில் எங்களை உபசரித்ததற்கு நன்றி. ஜூலியன் தம்பிக்கும் சொல்லுங்கள். அவர் எங்களை அறைக்குள் கூட்டிப்போய், "இது எங்க தங்கச்சி சேத்தது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நீங்கள் அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தீர்கள். நாடு, வருடம், பல் எத்தனை, எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். பைத்தியம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்தச் சுவரில் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதிலே முக்கால்வாசி என் தராசில் ஏறி இறங்கியது. கிலோ கணக்கில் வாங்கினேன், துருவோடு வீசி வைத்திருந்தேன். உங்கள் வீட்டில் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் பெயரோடு தொங்குவதைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. முப்பது வருடம் நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று தோன்றியது.

வீரம்மா திரும்பி வரும்போது லொறியில், ஹட்டன் தாண்டிய பிறகு, "அந்தப் புள்ள எழுதுன தாளு இல்லாட்டி நான் என்னா ஆயிருப்பேன்" என்றது. நான் ஆமாம் என்றேன். வீரம்மாவுக்கு இனி எல்லா விரலும் மடங்காது, டாக்டர் சொல்லிவிட்டார். மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படியே நிற்கும். ஆனால் அடுத்த மாதம் தூள் சலிக்கிற பக்கம் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரோலர் பக்கம் போக மாட்டேன் என்று அதுவே சொல்லிவிட்டது.

இன்னொரு விசயம். மாயாண்டி சொல்லி, பக்கத்துத் தோட்டத்து ஃபிட்டர்கள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். உங்கள் தாளின் பிரதி வேண்டுமாம். என்னிடம் இருந்ததை ஃபோட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தேன். எழுதினது யார் என்று கேட்டார்கள். டிக்கோயாவில் ஒரு கணக்கு டீச்சர் என்றேன். ஒருவர் நம்பவில்லை. உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன், வருவார்கள். அவர்களுக்கு அந்தச் சுவரைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து ஒரு பழைய இரும்பு மூட்டை வந்தது. வழக்கமாகத் தராசில் அப்படியே கொட்டுவேன். இந்தத் தடவை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாகலெட்சுமி சோறு ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். மூட்டையின் அடியில், உள்ளங்கையை விடச் சின்னதாக ஒரு ரெச்செட் கிடந்தது. துருவைத் தேய்த்து எடுக்க ஒரு நாள் ஆனது. முப்பத்திரண்டு பல். மூன்று தரம் எண்ணிவிட்டேன். ஒரு கிளிக்குக்குப் பதினொன்றே கால் பாகை என்று கணக்கும் போட்டேன், சரிதானா என்று பாருங்கள். பெயர் எதுவும் குத்தியிருக்கவில்லை. திருப்பினால் அவ்வளவு மெதுவாகப் பேசுகிறது.

அதைக் கடையில் மேசைக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அடுத்த தரம் வரும்போது பாருங்கள், கையில் எடுத்துத் திருப்பியும் பாருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். ஆனால் டீச்சர், அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஆண்டியப்பன்